கண்மாய்க்கரையைக் காப்பாற்றிய மூக்கனேந்தல்

மூக்கனேந்தல் என்று ஓர் ஊர். எங்கே இருக்கிறது என்று தேட வேண்டாம். அந்த ஊர்க்காரர்களின் சொந்தபந்தம் உலகமெங்கும் பெரிய பெரிய பதவியில் இருக்கிறது.

அந்த ஊருக்கும் பக்கத்து ஊரான ஓலைக்குடிக்கும் நடுவில் ஒரு கண்மாய். மழையில் கண்மாய் நிறைந்துவிட்டால் ஓலைக்குடிக்காரர்கள் கடப்பாரை, மண்வெட்டியோடு வந்து கரையைப் பலப்படுத்திவிட்டுப் போவார்கள். மூக்கனேந்தலார் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டபடி வேடிக்கை பார்ப்பார்கள். இதுதான் வழக்கம்.

அந்தக் கார்த்திகையில் கண்மாய் தளும்பியது. ஓலைக்குடிக் கொல்லன் கடப்பாரைக்கு முனை அடிக்கும் சத்தம் இக்கரை வரை கேட்டது. ஊர்த்தலைவர் சேதுக்காளை உடனே கூட்டம் போட்டார்.

"கடப்பாரை எதுக்குய்யா அவங்களுக்கு?"

"நம்ம கரையை உடைக்கத்தான்," என்றார் சாத்தையா. ஒரு தடவை மதுரை வரை போய் வந்தவர் என்பதால் வெளியூர் விவகாரமெல்லாம் அவர் பொறுப்பு.

பூமயில் எழுந்தாள். கரைக்கு நேர் கீழே அவளுக்கு ஒரே ஒரு வயல். கதிர் பால் பிடித்து நின்றது. அது வீடு வந்து சேர்ந்தால்தான் அவள் பிள்ளைகளுக்குச் சோறு.

"வருஷா வருஷம் கரையைக் கட்ட வர்றவங்கதானே? ஒரு நாளாச்சும் உடைச்சாங்களா?"

"அதைத்தான் தாயி நானும் சொல்றேன். இத்தனை வருஷமா உடைக்கலைன்னா எம்புட்டு நாளாத் திட்டம் போடுறாங்கன்னு பாரு!" என்றார் சாத்தையா.

கூட்டம் நடுங்கிவிட்டது.

"போயி ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்தா என்னய்யா?" என்றாள் பூமயில்.

"கேட்டா இல்லைம்பாங்க. உடைக்க நினைக்கிறவன்தானே இல்லைன்னு சொல்லுவான்?"

"ஆமான்னு சொன்னா?"

"அப்பக் கேக்கவே வேண்டாமே!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"அப்ப நாமதான் முந்திக்கணும்," என்றார் தலைவர். "ஆனா அவங்களை அடிக்கப் போனா திருப்பி அடிப்பாங்களே?"

சாத்தையா கண்ணை மூடி யோசித்தார். "கரையை நாமளே உடைச்சிட்டா அவங்க எதை உடைப்பாங்க?"

"என் வயலு?" என்று அலறினாள் பூமயில்.

"அவங்க உடைச்சா அது நாசம் தாயி. நாம உடைச்சா பாதுகாப்பு."

ஊரே திரண்டு, ஊரிலிருந்த ஒரே கடப்பாரையால் கரையை உடைத்தது. பூமயிலின் வயல் முதலில் போயிற்று. அப்புறம் தலைவர் வீட்டுச் சுவர், சாத்தையாவின் ஆடுகள், கடைசியில் அந்தக் கடப்பாரையும் போயிற்று. எல்லோரும் புளியமரத்தில் ஏறிக்கொண்டு வெற்றி வெற்றி என்று கூவினார்கள்.

கூச்சல் கேட்டு ஓலைக்குடிக்காரர்கள் ஓடி வந்தார்கள்.

"பாத்தீங்களா, ஆயுதத்தோட வர்றாங்க! நான் சொல்லலை?" என்றார் சாத்தையா, கிளையிலிருந்து.

வந்தவர்கள் மண்மூட்டை அடுக்கி உடைப்பை அடைத்தார்கள். பூமயில் அழுதுகொண்டே அவர்களோடு மண் சுமந்தாள். வேலை முடிந்து அவர்கள் போனபின் மூக்கனேந்தலார் இறங்கி வந்து புதுக்கரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

"எதுக்குய்யா திரும்பக் கட்டிட்டுப் போறாங்க?" என்றார் தலைவர்.

"கரை இருந்தாத்தானே உடைக்க முடியும்!" என்றார் சாத்தையா.

மறுநாள் விடிந்ததும் இருவரும் ஓலைக்குடிக் கொல்லன் பட்டறை வாசலில் நின்றார்கள்.

"அண்ணே, எங்க கடப்பாரை தண்ணியோட போயிருச்சு. ஒண்ணு இரவல் குடுங்க. நீங்க உடைக்கிறதுக்குள்ள நாங்க உடைக்கணும். வேலை முடிஞ்சதும் கழுவித் தந்துருவோம்."