செங்கரட்டுச் சந்தையில் விலை துண்டுக்குள் போன கதை

மாடுகள் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில் செங்கரடு என்றொரு ஊர் இருந்தது. ஊர் இன்றைக்கும் இருக்கிறது, மாடுகள்தான் பேசுவதில்லை. ஊருக்கு மேற்கே மலையில் ஒரு கணவாய். ஆடிக்காற்று அந்த வழியாகத்தான் நுழையும், மழையையும் கூட்டிக்கொண்டு வரும். வடக்கே செம்மண் மேட்டுக்காடு. அங்கே மழை பெய்தால் கம்பு விளையும், பெய்யாவிட்டால் கல்தான் விளையும். ஆனால் மாடு மட்டும் எலும்பு உறுதியாக வளரும். தெற்கே ஆற்றோரம். அங்கே தானியத்துக்குக் குறைவில்லை, ஆனால் சேற்றில் நின்று நின்று மாடு கால் ஊன்றாது. மாடு இருப்பவனிடம் தானியம் இல்லை, தானியம் இருப்பவனிடம் மாடு இல்லை. இந்த இரண்டு பேரும் நடுவழியில் வந்து நின்ற இடம்தான் செங்கரடு. கோயிலும் கடைவீதியும் பிறகு வந்தவை. முதலில் வந்தது வியாழக்கிழமைச் சந்தை.

அந்தச் சந்தையில் கரியண்ணன் என்று ஒரு தரகன். அவன் விலை கூவினால் கணவாய்க்கு அந்தப் பக்கம் மேய்கிற ஆடு நிமிர்ந்து பார்க்குமாம். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார்கள், ஆனால் கொஞ்சம்தான். காசு புழங்காத நாள் அது. ஒரு மாடு சுமக்கிற தானியம் ஒரு பொதி, அதுதான் விலைக் கணக்கு. விலையை ஊரே கேட்கக் கூவுவார்கள். விலையைவிடக் குறையைத்தான் பலமாகக் கூவுவார்கள். பல் தேய்ந்தது, சுழி சரியில்லை, வால் குட்டை என்று மாட்டைச் சுற்றி வந்து பட்டியல் போடுவார்கள்.

மாடு அத்தனையும் கேட்டுக்கொண்டு நிற்கும். ஒன்பது பொதிக்குப் போன காரிக்காளை ஒன்று, மறுநாள் ஏர் பூட்ட வந்தவனிடம், "என் விலை என்னன்னு தெரியுமில்ல?" என்று கேட்டதாம். ஒரு பொதிக்குப் போனவை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போகும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சந்தையென்றால் அப்படித்தான் என்று கரியண்ணனும் நினைத்திருந்தான்.

ஓர் ஆடி மாத வியாழக்கிழமை மேட்டுக்காட்டிலிருந்து பாவாயி வந்தாள். கையில் மயிலைக்காளையின் கயிறு. மூன்று வருடம் மழை ஏமாற்றியதில் அவள் வீட்டில் விதைக் கம்பைக்கூடச் சமைத்துத் தின்றுவிட்டார்கள். இரண்டு காளையில் ஒன்றை விற்றால்தான் இந்தப் பட்டத்துக்கு விதை.

"ஏனுங்கண்ணா, நாலு பொதி வேணும்" என்றாள் அவள், கரியண்ணனிடம். "விதைக்கு ஒண்ணு, அறுப்பு வரைக்கும் ஆறு வாய்க்கு மூணு. அதுக்குக் கொறஞ்சா என்னால முடியாதுங்க."

"நாலு பொதி தாராளமா போகும் அம்மணி, நீ கவலைப்படாத" என்றான் அவன். மனதார நம்பித்தான் சொன்னான்.

ஆற்றோரத்து அத்தப்பனுக்குக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ஜோடியில் ஒரு காளை செத்துப்போயிருந்தது. அவர் மயிலையைப் பார்த்ததும் நின்றார். கரியண்ணனுக்கு அவர் முகத்தைப் பார்த்ததுமே, ஆள் விடமாட்டார் என்று தெரிந்துவிட்டது. தரகு வேலையில் முதலில் இறக்கிப் பேச வேண்டும், அப்போதுதான் ஏற்றும்போது வாங்குகிறவனுக்கு உறைக்காது. தொழில் புத்தி முந்திக்கொண்டது. நெஞ்சை நிமிர்த்திக் கூவினான்.

"எட்டு வயசு மாடு! பல்லு பாதி போச்சு! முதுகுல தழும்பு! ரெண்டு பொதிக்கு மேல பெறாது!"

மயிலை திரும்பி அவனைப் பார்த்தது. பிறகு பாவாயியைப் பார்த்தது. முன்னங்காலை மடக்கி, சந்தை நடுவே அப்படியே படுத்துவிட்டது.

சந்தையில் படுத்த மாட்டை, சகுனம் சரியில்லை என்று செங்கரட்டில் யாரும் வாங்கமாட்டார்கள். சுற்றி நின்றவர்கள் விலகத் தொடங்கினார்கள். பாவாயி குனிந்து அதன் கழுத்தைத் தடவினாள். "எந்திரிடா சாமி. அவரு வேவாரத்துக்குச் சொன்னாரு."

"அந்தத் தழும்பு எப்படி வந்துச்சுன்னு உனக்குத் தெரியும் பாவாயி" என்றது மயிலை. "குடிதண்ணி இல்லாத வருசம் ரெண்டு காத தூரம் பானை சுமந்தேன். அதையும் சேத்துத்தான் ரெண்டு பொதியா?"

பாவாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேற்கே கணவாயில் மேகம் கருத்துக்கொண்டிருந்தது. நாளையோ மறுநாளோ மழை இறங்கிவிடும். அடுத்த வியாழன் வரை ஈரம் காத்திருக்காது. இன்றைக்கு விதை கிடைக்காவிட்டால் இந்த வருடமும் போயிற்று.

கரியண்ணன் அத்தப்பனை ஓரமாக அழைத்து நாலு பொதி கேட்டான். அவர் தலையைச் சொறிந்தார். "நாலு பொதி பெறும்னு எனக்கும் தெரியும்ப்பா. ஆனா நீயே ஊருக்குக் கேக்க ரெண்டுன்னு கூவிப்போட்டே. படுத்த மாட்டுக்கு நாலு குடுத்தான்னு எங்க ஊர்ல பொங்கல் வரைக்கும் சிரிப்பாங்க."

ஆக, ஒரே கூவலில் மாட்டையும் படுக்க வைத்தாயிற்று, வாங்குகிறவர் வாயையும் கட்டியாயிற்று. கரியண்ணனுக்குத் தன் குரல்மேல் முதல்முறையாக வெறுப்பு வந்தது. மயிலையின் அருகே போய்க் குந்தினான்.

"தப்புத்தான். எந்திரிச்சுக்க" என்றான்.

"உன்னை யாராச்சும் இப்படிக் கூவியிருக்காங்களா, கரியண்ணா?" என்றது மயிலை.

கூவியிருக்கிறார்கள். அவனுக்குப் பெண் கேட்டுப் போன வீட்டில், பெண்ணின் மாமன் பந்தியில் வைத்து, "ஆளு சரிதான், உழக் காடுதான் இல்ல, காது வேற கொஞ்சம் பெருசு" என்று சிரித்தார். கரியண்ணன் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. அது நடந்து பத்து வருடம். இதுவரை அவன் அதை யாரிடமும் சொன்னதில்லை, மாட்டிடமும் சொல்லவில்லை. ஆனால் மயிலை அவன் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டது.

அவன் எழுந்து அத்தப்பனிடம் போய்க் காதோடு காதாகப் பேசிப் பார்த்தான். மயிலையின் காது அந்தப் பக்கம் திரும்பியது. விரலைக் காட்டிப் பேசிப் பார்த்தான். மயிலையின் கண் விரலை எண்ணியது. சுற்றி நின்றவர்களின் கண்ணும் எண்ணியது.

அப்போதுதான் அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்தான். தன் வலக்கையையும் அத்தப்பனின் வலக்கையையும் சேர்த்து மூடினான். உள்ளே, விரலுக்கு ஒரு பொதி என்று, அத்தப்பனின் நாலு விரலைப் பிடித்து அழுத்தினான். வாயைத் திறக்கவில்லை. கரியண்ணன் வாயை மூடியிருப்பதைச் சந்தை அன்றுதான் பார்த்தது.

துண்டுக்கடியில் அத்தப்பனை யார் பார்க்கப்போகிறார்கள்? சிரிக்க ஆளில்லை, வீறாப்புக் காட்டவும் அவசியமில்லை. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கரியண்ணனின் நாலு விரலையும் பிடித்தார். அதோடு விடாமல் கட்டைவிரலையும் சேர்த்துப் பிடித்தார். ஐந்து பொதி. கரியண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டான்.

"வேவாரம் முடிஞ்சுது" என்றான், சாதாரணக் குரலில்.

"எவ்வளவுக்கு?" என்றது மயிலை.

"அதை உங்கிட்ட யாரும் சொல்லமாட்டாங்க. இந்தச் சந்தையில இனி எந்த மாட்டுக்கும் சொல்லமாட்டாங்க. நீ பட்ட பாட்டை நாங்க அளந்து முடியாது. தானியத்தைத்தான் அளக்க முடியும்."

மயிலை அத்தப்பனைப் பார்த்தது. அவர் துண்டுக்கடியிலிருந்து வந்த கையாலேயே அதன் முதுகுத் தழும்பைத் தடவிக்கொடுத்தார். "மேட்டுக்காட்டுல மழை விழுந்தா ஆத்தோரத்துலயும் விழும் கண்ணு. அந்த நாலு நாளும் எங் கெணத்துல இறைப்பு இல்ல. நீ வடக்க போயி பாவாயி காட்டை உழுது குடுத்துட்டு வா. வருசா வருசம் போலாம்."

மயிலை எழுந்து நின்று உடம்பைச் சிலிர்த்துப் புழுதியை உதறியது. பாவாயி அதன் நெற்றியில் முகத்தை வைத்துக்கொண்டாள். தானியம் அளக்கும்போதுதான் அவளுக்கே கணக்குத் தெரிந்தது. அவள் வாய் திறக்கப் போனாள். கரியண்ணன் மயிலையைக் கண்ணால் காட்டி, வேண்டாமென்று தலையசைத்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, அழுதபடியே சிரித்தாள். மறுநாள் விடிவதற்குள் மழை இறங்கியது. மயிலையும் வீட்டில் நின்ற இன்னொரு காளை செவலையும் சேர்ந்து அந்தக் காட்டை உழுதன.

அடுத்த வியாழக்கிழமை சந்தையில் ஒவ்வொரு தரகனும் தோளில் துண்டோடு வந்தான். விலை காதில் விழாமல் போகவே மாடுகளுக்குக் கேட்கக் கேள்வியும் இல்லை, காட்டப் பெருமையும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சையே விட்டுவிட்டன. மனிதர்கள் துண்டை விடவில்லை. அன்றைக்குத் தொடங்கிய வழக்கம்தான், செங்கரட்டில் மாட்டு விலையைத் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசுவது. மாடு கேட்க அதன் விலையைச் சொல்லிவிட்டால், எவ்வளவு பெரிய ஆளானாலும், அந்தச் சந்தையில் அவருக்கு இன்றைக்கும் யாரும் கை நீட்டுவதில்லை.