கறுப்புக்கு அடுத்த காப்பி

முதலில் வம்புக்கு வந்தது திவான் அம்பலத்தாடிதான். யார் எப்படி மாற்றிச் சொன்னாலும் சரி, ஆரம்பித்தது அவர்தான்.

மேலக்கரடு அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் சபை கூடியதும் காப்பி வரும். பில்டரில் முதலில் இறங்குகிற டிகாஷன் ராஜாவுக்கும், அவருக்கு இரண்டு பக்கமும் உட்காருகிறவர்களுக்கும். அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கும் இரண்டாம் டிகாஷன் மற்ற எல்லோருக்கும். ராஜாவின் வலது பக்கம் திவான். இடது பக்கம் விகடர் பூவலிங்கம்.

திவானுக்கு ஒரு மைத்துனன் இருந்தான். அவனுக்கு இடது பக்கம் வேண்டியிருந்தது. ஒருநாள் திவான் ராஜாவின் காதைக் கடித்தார். "பூவலிங்கத்துக்குப் பித்த உடம்பு, பிரபு. குளத்தங்கரையில் மயங்கி விழுந்தாராம். முதல் டிகாஷன் அவருக்கு ஆகாது."

பூவலிங்கம் பிறந்ததிலிருந்து மயங்கி விழுந்தவர் இல்லை. ஆனால் மறுநாள் அவருக்குக் கடைசி வரிசை, இரண்டாம் டிகாஷன். டம்ளர் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. கடைசிச் சொட்டு வரை குடித்தார். மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

அந்தச் சமயத்தில் ராஜா பூபதிராயர் பக்கத்து ஜமீனுக்கு விருந்துக்குப் போய்வந்தார். வந்ததும் வராததுமாகக் கேட்டார்: "அவர்கள் காப்பி கன்னங்கரேல் என்று இருக்கிறது. நம் காப்பி மட்டும் ஏன் பழுப்பு?"

"கறுப்பு ஏற ஏறக் காட்டம் ஏறும், பிரபு," என்றார் திவான். "தினம் ஒரு படி கறுப்பாக வறுக்கச் சொல்லுங்கள். அவர்களை ஜெயித்துவிடலாம்."

கடைசி வரிசையிலிருந்து பூவலிங்கம் எழுந்தார்.

"பிரபு, கொட்டை முதல் தடவை வெடித்ததும் எடுத்தால் கொஞ்சம் புளிப்பு இருக்கும், விளைந்த மலையின் வாசனையும் இருக்கும். இன்னும் விட்டால் புளிப்புப் போய் வெல்லப்பாகு மாதிரி மணக்கும். மறுபடி வெடித்து எண்ணெய் கசிந்துவிட்டால் புகையும் கசப்பும்தான். அதற்கும் மேலே விட்டால் தான் எந்த மலை என்று அந்தக் கொட்டைக்கே தெரியாது. காட்டம் வேண்டுமானால் தூளைக் கூட்டிப் போடச் சொல்லுங்கள்."

"இரண்டாம் டிகாஷன் குடிக்கிறவருக்கு ருசியைப் பற்றி என்ன ஓய் தெரியும்?" என்றார் திவான்.

சபை சிரித்தது. சிரித்த முகங்களை எல்லாம் பூவலிங்கம் பார்த்து வைத்துக்கொண்டார்.

வறுவல் தொடங்கியது. நிறம் பார்க்க அரண்மனை யானையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதன் காலோடு கொட்டையை வைத்துப் பார்த்தார் ராஜா. யானை தோற்றது. மறுநாள் எருமை. அதுவும் தோற்றது. அப்புறம் ஒரு காக்கையைப் பிடித்துக் கூண்டில் வைத்தார்கள். காக்கை கொஞ்சம் எதிர்த்து நின்றது. மத்தியானத்துக்குள் அதுவும் தோற்றது.

காப்பி அடுப்புக்கரியைக் கரைத்த மாதிரி இருந்தது. திவான் உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடினார். "ஆகா! முதலில் மல்லிகை. பின்னால் ஒரு பலாச்சுளை." மைத்துனன், "எனக்கு இரண்டு சுளை தெரிகிறது," என்றான்.

கடைசியில் சமையல்காரர் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றார். "பிரபு, இதற்கு மேல் கறுப்பு என்று ஒன்று இல்லை."

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இல்லையென்றால்? கறுப்புக்கு அடுத்தது எதுவோ அதைக் கொண்டு வா!"

"வறுவல் சாஸ்திரம் தெரிந்தவர் கடைசி வரிசையில் சும்மாதானே இருக்கிறார்?" என்றார் திவான். "அவரிடம் விடுங்கள். முடியாவிட்டால் இந்த ஊரில் அவருக்கு என்ன வேலை?"

"சரி," என்றார் ராஜா. "ஓய் பூவலிங்கம், நாளைக் காலை கறுப்பையும் தாண்டிய காப்பி என் முன்னால் இருக்கவேண்டும். இல்லையென்றால் மூட்டையைக் கட்டும்."

"உத்தரவு," என்றார் பூவலிங்கம்.

மறுநாள் சபை கூடியது. பூவலிங்கம் குளித்து, வேட்டியைப் பஞ்சகச்சம் கட்டி, வெள்ளித் தாம்பாளம் ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மெல்ல நடந்து வந்தார். தாம்பாளத்தில் வாழையிலை. அதன்மேல் வெள்ளை வெளேரென்று சாம்பல்.

வெள்ளித் தட்டில் சாம்பல் வந்தால் நம் ஊரில் யார் கேள்வி கேட்கிறார்கள்? ராஜா எழுந்தார். சபையே எழுந்தது. மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்கள். ராஜா பயபக்தியோடு மூன்று விரலால் அள்ளி நெற்றியில் பட்டையாக இட்டுக்கொண்டார். அடுத்து திவான் முண்டியடித்து வந்தார். நெற்றி, மார்பு, தோள் எல்லாம் பூசிக்கொண்டார். ஒரு சிட்டிகையை அண்ணாந்து வாயிலும் போட்டுக்கொண்டார். மைத்துனன் வீட்டுக்கும் கொஞ்சம் மடித்து வைத்துக்கொண்டான்.

"திவ்யம்!" என்றார் திவான், கண்ணை மூடி. "எந்தக் கோயில் ஓய்?"

"அரண்மனை அடுக்களைதான்," என்றார் பூவலிங்கம்.

சபை விழித்தது.

"என்ன ஓய் இது? காப்பி எங்கே?" என்று அதட்டினார் ராஜா.

"கறுப்பாகும் வரை வறுத்தேன், பிரபு. நிறுத்தவில்லை. கொட்டை தணலாகச் சிவந்தது, பிறகு வெளுத்தது. கறுப்புக்கு அடுத்தது இதுதான். பிரபு கேட்டது காப்பி. கொண்டுவந்தேன். சபையே நெற்றியில் இட்டுக்கொண்டுவிட்டது! இதில் மல்லிகை இருக்கிறதா, பலாச்சுளை இருக்கிறதா என்று திவான் அவர்கள்தான் சொல்லவேண்டும். அவர் ஒருவர்தான் குடித்துப் பார்த்திருக்கிறார்."

ராஜா திவானின் நெற்றியைப் பார்த்தார். தம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், கூண்டிலிருந்த காக்கை பயந்து கத்தியது.

"வெல்லப்பாகு மணக்கும்போதே இறக்குங்கள்!" என்று சமையல்காரருக்கு உத்தரவு போட்டார். காக்கைக்கும் விடுதலை கொடுத்தார். "பூவலிங்கம், வாரும், இடது பக்கம் உட்காரும். இந்தாரும், பட்டுச் சால்வை."

"சால்வை இருக்கட்டும், பிரபு," என்றார் பூவலிங்கம். "எனக்குப் பித்தம் இல்லை, நான் எங்கேயும் மயங்கி விழவில்லை என்று திவான் தம் வாயால் சபையில் சொல்லட்டும். எனக்கு அது போதும்."

எல்லோரும் திவானைப் பார்த்தார்கள்.

"வாயெல்லாம் சாம்பல், பிரபு," என்றார் திவான். "கொப்பளித்துவிட்டு வந்து சொல்கிறேன்."

போனவர் இன்னும் கொப்பளித்துக்கொண்டிருக்கிறார். பூவலிங்கம் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார்.