அஞ்சு இடம் காலி

உசிலம்பட்டியில் காசிமாயன் என்று ஒரு ஷேர் ஆட்டோக்காரர் இருந்தார். அவர் மனைவிக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல் விடவில்லை. டாக்டர் டெங்கு ஆன்டிபாடி டெஸ்ட் எழுதித் தர, லேபுக்குக் கூட்டிப் போனார்.

"ரெண்டாயிரத்து நானூறு," என்றார் லேப் முதலாளி சற்குணம், நிமிராமலே.

"ஒரு சொட்டு ரத்தத்துக்கா சார்?"

"உனக்குச் சொன்னாப் புரியாது. ரத்தம் விட்டுப் பார்க்க எட்டுக் குழி இருக்கிற பிளாஸ்டிக் பட்டையைப் பிரிக்கணும். ரெண்டு குழி மெஷினைச் சரிபார்க்க, ஒண்ணு உன் சம்சாரத்துக்கு. மிச்சம் அஞ்சும் வீண். முழுப் பட்டைக்கும் நீதான் கொடுக்கணும்."

"ஒரே ஆளு முழு ஆட்டோவையும் ஸ்பெஷலாப் பிடிக்கிற மாதிரியா?"

"அதேதான்."

காசிமாயன் பணத்தை எண்ணி வைத்தார். பிறகு பெஞ்சுப் பக்கம் திரும்பி, ஸ்டாண்டில் ஆள் கூப்பிடும் அதே குரலில், "டெங்கு டெஸ்டுக்கு வந்தவங்க வாங்க. என் பட்டையில அஞ்சு இடம் காலி. ஆளுக்கு நானூறுதான்," என்றார்.

பெஞ்சில் இருந்த ஐந்து பேரும் தங்கள் ரசீதைப் பார்த்துக்கொண்டார்கள். "முழுப் பட்டைன்னு சொல்லித்தானே எங்கிட்டயும் வாங்குனாரு?" என்றார் ஒரு பூக்காரம்மா.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து டெக்னீசியன் பெண் எட்டிப் பார்த்தாள். "சார், ஆறு பேர் சேர்ந்தாச்சு. பட்டையைப் பிரிச்சிரலாமா?"

ஆறு பேரும் மேசையைச் சூழ்ந்துகொள்ள, சற்குணம் தலைக்கு இரண்டாயிரம் திருப்பிக் கொடுத்தார்.

காசிமாயன் தன் பங்கைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இருபது வருசமா ஆறு பேரை ஏத்திக்கிட்டுத்தான் சார் ஓட்டுறேன். ஆறு பேர்கிட்டயும் ஸ்பெஷல் வாடகை கேக்கலாம்னு எனக்குத் தோணவே இல்லையே."