பையில் போன செருப்பு

ஒரு தைப்பூசத்துக்குக் காரைக்குடியிலிருந்து பழனிக்குக் கிளம்பிய கூட்டத்தில் ஒரு ஜோடிச் செருப்பும் இருந்தது. அது நடக்கவில்லை. வள்ளிக்கண்ணுவின் தோள்பையில், தைலப் புட்டிக்குப் பக்கத்தில் சொகுசாகப் போயிற்று.

மகன் மஞ்சள்காமாலையில் பிழைத்தால் வெறுங்காலோடு பழனிக்கு நடந்து வருகிறேன் என்று அவள் நேர்ந்திருந்தாள். பிழைத்த மகன்தான் புதுச் செருப்பு வாங்கிப் பையில் வைத்தான். "சாமி கும்பிட்டு மலை இறங்குனதும் போட்டுக்க ஆத்தா" என்றான்.

"இத்தனை காலம் நம் இனம் மனிதரைச் சுமந்தது. இப்போது ஒருத்தி நம்மைச் சுமக்கிறாள்" என்றது செருப்பு. "எல்லாம் பூர்வ புண்ணியம்."

தைலப் புட்டி பாதி காலியாகியிருந்தது. "கீழே இருக்கிற பாதங்களைக் கேட்டுப் பார்" என்றது.

பாதங்கள் நத்தம் தாண்டும்போதே கொப்புளம் கட்டியிருந்தன. பழனி வரை தாங்குமா என்று அவற்றுக்கே பயம். ஆனாலும் கர்வம் குறையவில்லை. "எங்களைப் போல நோகிற பாதம் இந்த ரோட்டில் உண்டா?" என்று கேட்டன.

திண்டுக்கல்லுக்கு அப்பால் ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டம் ஓரமாக ஒதுங்கி நின்றது. தார் கலந்த ஜல்லியைச் சட்டியில் சுமந்து கொட்டிய ஒருத்தியின் பாதங்கள் பக்கத்தில் வந்து நின்றன. அவையும் வெறும் பாதங்கள்.

"நாங்கள் காரைக்குடியிலிருந்து செருப்பில்லாமல் வருகிறோம்" என்றன வள்ளிக்கண்ணுவின் பாதங்கள். "உங்களுக்கு என்ன வேண்டுதல்?"

"வேண்டுதல் இல்லை. செருப்பும் இல்லை."

கேட்ட பாதங்களுக்கு வெட்கமாகப் போயிற்று. ஒன்றன் பின்னால் ஒன்று ஒளிந்துகொள்ளப் பார்த்தன.

வள்ளிக்கண்ணுவும் அந்தக் கால்களைப் பார்த்துவிட்டாள். "ஏம்மா, கொதிக்கிற தாருல வெறுங்காலா நிக்கிறியே?"

"அந்து போச்சுக்கா. வாரக்கூலி வரட்டும்னு இருக்கேன்."

வள்ளிக்கண்ணு பைக்குள் கையை விட்டாள்.

"நான் பழனிக்குப் போகிற செருப்பு" என்று முறையிட்டது செருப்பு. "பாதி வழியில் தாரில் இறக்கிவிட்டால் எப்படி?"

"போய் வா" என்றது தைலப் புட்டி.

அளவு கொஞ்சம் பெரிசு. வேண்டாம் என்று அந்தப் பெண் சொல்லவில்லை.

வள்ளிக்கண்ணு நொண்டிக்கொண்டே மலையேறினாள், இறங்கினாள், பஸ் பிடித்து ஊர் திரும்பினாள். மகன் முதலில் அவள் காலைத்தான் பார்த்தான்.

"செருப்பு எங்க ஆத்தா?"

"அது எனக்கு முந்தியே பழனி சேந்துருச்சுப்பா" என்றாள்.