கயிற்றைப் பிடித்திருந்தவர்

மணற்காட்டுக் கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் வியாகுலத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட பங்குச் சாமியார் ததேயுவுக்கோ முப்பத்திரண்டு. ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை. வியாகுலம் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். ததேயு எருசலேமில் மூன்று வருஷம் படித்தவர், அங்கே ஒரு யூதப் போதகர் வீட்டு மாடியில் குடியிருந்தவர். அவரிடம் வியாகுலம் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பார். கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்காமலே வைத்திருந்தார்.

அந்தோணியார் திருவிழாவன்று காலையில் ஒரு கிடாவை இழுத்துக்கொண்டு கோயில் முற்றத்துக்கு வந்தார். நேர்ச்சைக் கிடாவைச் சாமியார் மந்திரித்துக் கொடுப்பார். அதை அறுத்துச் சமைத்து, வந்தவர் போனவர் எல்லாருக்கும் அசனம் என்று சோறு போடுவது அந்த ஊர் வழக்கம். வியாகுலம் பதினெட்டு வருஷமாகக் கொடுக்கிறார். இந்த வருஷத்துக் கிடா கன்றுக்குட்டி உயரம் இருந்தது.

"என்ன உபதேசியாரே, வருஷா வருஷம் கிடா பெருசாகிட்டே போகுது?" என்றார் ததேயு.

வியாகுலம் கயிற்றைத் திருகினார்.

"ஒரு சந்தேகம் சாமி. அந்தக் காலத்துல யூதங்க பாவத்துக்கு ஆட்டைப் பலி கொடுத்தாங்க. நமக்கு ஆண்டவரே பலியாகிட்டார். அதிலே எல்லாப் பாவமும் தீர்ந்துபோச்சுன்னு பிள்ளைங்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிறேன். பின்னே எனக்கு மட்டும் ஏன் தீர மாட்டேங்குது?"

"எந்தப் பாவம்?"

"பொதுவா, எல்லாப் பாவமும்தான்."

ததேயு சிரித்தார். "அவங்க சும்மா ஆட்டை இழுத்துட்டு வந்து விட்டுட்டுப் போயிட முடியாது. அதோட தலைமேல கையை அழுத்தி வெச்சு, செஞ்ச தப்பை வாயால சொல்லணும். நீங்களும் வைங்க."

வியாகுலம் கையை வைத்தார். "பாவியாகிய நான்..."

"பொதுவாச் சொன்னா ஆட்டுக்குப் புரியாது."

கிடா அவரை நிமிர்ந்து பார்த்தது. வியாகுலம் பார்வையைக் கீழே இறக்கினார்.

"பிரகாசி" என்றார். அது அவருடைய ஒரே தங்கையின் பெயர்.

"வேற மதத்துக்காரரைக் கட்டிக்கிட்டான்னு அவளோட பேச்சை விட்டேன் சாமி. அம்மா செத்த அன்னைக்கு ஓடி வந்தா. வாசக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுட்டேன். அம்மா முகத்தைப் பாக்க விடல. தெருவிலேயே நின்னு அழுதா. பதினெட்டு வருஷமாச்சு. நாளைக்கு மகனோட அந்தமானுக்குப் போறாளாம். இனி இந்தப் பக்கமே வர மாட்டாளாம்."

சொல்லிவிட்டுக் கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். ததேயு அழ விட்டார்.

"இப்பத் தீர்ந்துச்சா சாமி?"

"ஆட்டுக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்க தங்கச்சிக்குத் தெரிய வேண்டாமா?"

"ஆண்டவர் மன்னிச்சாப் போதாதா?"

ததேயு கீழே உட்கார்ந்தார். "எருசலேம்ல எங்க வீட்டுக்கார ஐயா இருந்தாரே, யூதங்களுக்குப் பாவப் பரிகார நாள்னு ஒண்ணு உண்டு. அன்னைக்கு முழுக்க உபவாசம், ஜெபம். ஆனா அதுக்கு முந்தின நாளே ஐயா செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவார். யார் யார் மனசைப் புண்படுத்தினாரோ, அவங்க வீட்டு வாசல்ல எல்லாம் போய் நிப்பார். 'கடவுளுக்குச் செஞ்சதைத்தான் நாளைக்கு ஜெபத்துல தீர்க்கலாம், இவங்களுக்குச் செஞ்சதை இன்னைக்கு இங்கேதான் தீர்க்கணும்'பார். நம்ம ஆண்டவரும் யூத வீட்டுப் பிள்ளைதானே? அவர் மட்டும் வேற மாதிரியா சொல்லியிருப்பார்?"

"அவ என் மூஞ்சியிலேயே கதவைச் சாத்திட்டா?"

"வெளியே நில்லுங்க. அன்னைக்கு அவங்க நிக்கலையா?"

வியாகுலம் கிடாவைப் பார்த்தார். "அசனத்துக்கு நேரமாகுதே சாமி."

"மத்தவங்க கிடா இருக்கு. இதை இங்கேயே விட்டுட்டுப் போங்க."

"விட்டா ஓடிடும்."

"நான் பிடிச்சிக்கிறேன்."

பிரகாசி இருக்கும் ஓடைக்கரை மூன்று மைல். வழியெல்லாம் என்னென்னவோ பேசிப் பார்த்துக்கொண்டே போனார். வாசலில் நின்றதும் எல்லாம் மறந்துபோயிற்று. பிரகாசி துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது.

"அன்னைக்குக் கதவைச் சாத்தினது தப்பும்மா" என்றார்.

அவள் முடிச்சுப் போடுவதை நிறுத்தவில்லை. மூட்டையைக் கட்டி முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"வருஷா வருஷம் அந்தோணியார் அசனத்துக்கு வருவேன், தெரியுமா? முக்காடு போட்டுக்கிட்டுப் பந்தியில உக்காருவேன். நீ வாளியைத் தூக்கிக்கிட்டு வந்து, குனிஞ்சு குனிஞ்சு இலை இலையாச் சோறு போட்டுட்டுப் போவே. ஒரு வருஷமாவது இலையை விட்டுட்டு என் மூஞ்சியைப் பாக்க மாட்டியான்னு உக்காந்திருப்பேண்ணே."

வியாகுலம் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பதினெட்டுக் கிடா!

"மன்னிச்சேன்னு சொல்ல எனக்கு வாய் வரல" என்றாள் பிரகாசி. "அம்மா முகம் போனது போனதுதான். கல்லறை எதுன்னாவது காட்டு, வா."

கல்லறைத் தோட்டம் கோயிலுக்குப் பின்னால். அண்ணனும் தங்கையும் அங்கே வெகுநேரம் இருந்தார்கள். எழுந்து வரும்போது அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

மணி நாலு. அசனம் முடிந்து ஊரே கலைந்து போயிருந்தது. முற்றத்தில் ததேயு மட்டும் கயிற்றைப் பிடித்தபடி வெயிலில் நின்றிருந்தார். முகம் கன்றிச் சிவந்திருந்தது. அங்கியின் ஓரத்தைக் கிடா ஒரு முழம் தின்று முடித்திருந்தது.

வியாகுலம் பதறிப்போனார். "ஐயையோ, இன்னுமா நிக்கிறீங்க? பச்சைத் தண்ணிகூடக் குடிச்சிருக்க மாட்டீங்களே! அந்தக் கொடிமரத்துல கட்டிட்டு உள்ளே போயிருக்கலாமே சாமி!"

ததேயு பிரகாசியைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு கயிற்றை வியாகுலத்தின் கையில் கொடுத்தார்.

"கட்டிப் போட்டிருந்தா, உங்களுக்காகக் காத்திருக்க ஆடு மட்டும்தானே இருந்திருக்கும்."