சும்மா இருக்கத் தெரியாத சூறை

முன்னொரு காலத்தில் குறும்பொறை நாட்டைச் சேந்தமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒருவனுக்குப் பட்டாடை போர்த்துவான், மாலையில் அவனையே ஊரைவிட்டு விரட்டுவான். அந்த மனசைக் கொஞ்சமாவது இழுத்துப் பிடித்திருந்தவள் ராணி வேலம்மை. ஆடி மாதத்தில் நான்கே நாள் காய்ச்சலில் அவள் போய்விட்டாள்.

போகும்போது ஒரு நாய்க்குட்டியை விட்டுப்போனாள். மலையடிவாரத்து ஆட்டிடையர்களிடம் ஆசையாய்க் கேட்டு வாங்கிய பெட்டைக்குட்டி. அதன் தாயும் பாட்டியும் ஐந்நூறு ஆடுகளை ஒரே ஓட்டத்தில் மடக்கி நிறுத்தியவை. ராணி அதற்குச் சூறை என்று பெயர் வைத்து, விடிந்ததும் மந்தைக்கு அழைத்துப்போய் வேலை பழக்குவாள். வீடு திரும்பினால் குட்டி அடித்துப் போட்டாற்போல் தூங்கும்.

இப்போது அதை அழைத்துப்போக யார் இருக்கிறார்கள்? துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்குச் சமைக்க வேண்டும், படுக்க இடம் பார்க்க வேண்டும், வழியனுப்ப வேண்டும். அரண்மனையில் ஆளுக்கு நாலு வேலை. குட்டியை முற்றத்துத் தூணில் கட்டிவிட்டார்கள். போகிற வருகிறவர்கள் தலையைத் தடவி, "சும்மா இரு, அப்புறம் வரேன்" என்பார்கள். ஒருவரும் வரவில்லை. ராஜாவோ ராணியின் செருப்பு ஜோடியை மடியில் வைத்துக்கொண்டு அறைக்குள்ளேயே கிடந்தான். மனுக் கொடுக்க வந்தவர்கள் வாசலோடு திரும்பினார்கள். இப்படியும் ஒரு ராஜ்ஜியம் நடந்தது, கேளுங்கள்.

சூறை கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு ஓடியது. முரசின் தோலைக் கிழித்தது. அயல்நாட்டுத் தூதரின் தலைப்பாகையைத் தலையிலிருந்தே உருவிக் குதறியது. துக்கத்துக்கு வந்த பதினோரு அத்தைமார்களைச் சுற்றிச் சுற்றி ஓடி, ஒரே மூலையில் மடக்கி நிறுத்திவிட்டு, ராணியின் அறைப்பக்கம் பார்த்து வாலாட்டியது. யார் பாராட்டுவார்கள், பாவம்! கடைசியில் ராஜா கண்ணயர்ந்த நேரத்தில் ராணியின் இடது செருப்பைத் தூக்கிப்போய் வாரைப் பிய்த்துப் போட்டது.

ராஜா சபைக்கு வந்தான். ராணி போன பிறகு அன்றுதான் வந்தான். "நாளை சூரியன் மறைவதற்குள் அந்தச் சனியனை ஆற்றில் அமுக்குங்கள்!"

அரண்மனைப் பராமரிப்புத் தலைவர் விடங்கநாதருக்கு உள்ளூர ஒரே குளிர்ச்சி. குட்டியைத் தேடிப் பிடித்து ராணிக்குக் காட்டியவர் மந்திரி திருமலைக்கொழுந்து. மந்திரி என்றாலே விடங்கநாதருக்கு வயிறு எரியும்.

கொழுந்து எழுந்தார். "மகாராஜா, குட்டியின் மேல் குற்றமில்லை. உலகத்திலேயே கஷ்டமான வேலையை அதற்குக் கொடுத்துவிட்டோம்."

"என்ன வேலை?"

"சும்மா இருப்பது."

விடங்கநாதர் விழுந்து விழுந்து சிரித்தார். "மந்திரியாரே, அதெல்லாம் ஒரு வேலையா? உட்காரச் சொன்னால் நான் ஒரு வாரம் உட்காருவேனே!"

"ஒரு பகல் போதும் ஓய். அதே தூண், அதே நாலு முழக் கயிறு. இரண்டு வேளை சோறு வரும். பேச்சுத்துணை கிடையாது."

ராஜாவுக்கு ஒரு விபரீத ஆசை பற்றிக்கொண்டது. "விடங்கநாதர் அந்தி வரை எழாதிருந்தால் நாய் சாகும். கொழுந்து, நீரும் நாட்டைவிட்டுப் போக வேண்டும். அவர் தோற்றால் நாய் பிழைக்கும்."

"சம்மதம். நடுவராக மகாராஜாவே எதிரில் உட்கார வேண்டும். நடுவருக்கும் அந்தி வரை பேச்சில்லை, வேலையில்லை."

மறுநாள் விடிந்ததும் சூறையைப் பக்கத்துத் தூணுக்கு மாற்றிக் கட்டினார்கள்; விடங்கநாதர் இடுப்பில் கயிற்றோடு அதன் தூணில் சாய்ந்தார். எதிரில் ராஜா, மடியில் ராணியின் வலது செருப்பு. போகிற வருகிறவர்கள் விடங்கநாதரின் தலையைத் தடவி, "சும்மா இரு, அப்புறம் வரேன்" என்று போனார்கள். காலைச் சோற்றுக்குப் பிறகு அவர் பல்லைக் கடித்தார். உச்சிவேளையில் கீழே விரித்திருந்த கம்பளத்தின் குஞ்சத்தை ஒவ்வொன்றாகப் பிய்த்தார். ஆனாலும் எழவில்லை.

வெயில் சாய்ந்தது. கொழுந்து முற்றத்துக்கு வந்து, விடங்கநாதரின் வேலையைத் தாமே செய்ய ஆரம்பித்தார். குத்துவிளக்கை வாசற்படியில் வைத்தார். தூதர் உட்காரச் சமையல்காரரின் பலகையைப் போட்டார். வெற்றிலைத் தட்டில் கத்தரிக்காயை அடுக்கினார்.

விடங்கநாதர் தூணை இறுகக் கட்டிக்கொண்டார். ஏழு தலைமுறையாக அரண்மனையை ஒழுங்குபண்ணிய வம்சம் அல்லவா!

கொழுந்து ராஜாவின் வெண்கொற்றக் குடையை விரித்து, அதில் வடகம் காயப்போட்டார்.

"அட பாவி!" விடங்கநாதர் பாய்ந்தார். கயிறு சுண்டி இழுத்தது. தொப்பென்று விழுந்தார்.

முற்றம் முழுக்கச் சிரித்தது. ராஜாவும் சிரித்தபடி தீர்ப்புச் சொல்லக் கையைத் தூக்கினான். கையிலிருந்து தோல் துணுக்குகள் உதிர்ந்தன. குனிந்து பார்த்தான். வலது செருப்பின் வாரைப் பகலெல்லாம் அவனே நகத்தால் கிள்ளிக் கிள்ளிப் பிய்த்திருந்தான்.

சிரிப்பு நின்றது. ராஜா வாய்விட்டு அழுதான்.

"நானும் கட்டிப்போட்ட நாய்தானா, கொழுந்து?"

"உங்களை யாரும் கட்டவில்லை மகாராஜா. அதனால் அவிழ்த்துவிடவும் ஆளில்லை."

ராஜா எழுந்துபோய்ச் சூறையைத் தன் கையாலேயே அவிழ்த்துவிட்டான். விடங்கநாதர் ஒரு மாதம் தூதரின் கிழிந்த தலைப்பாகையோடு சபைக்கு வர வேண்டும் என்றான். கொழுந்துவிடம் என்ன வேண்டும் என்று கேட்டான். "வாசலில் மனுக்காரர்கள் நிற்கிறார்கள்" என்றார் அவர். அந்தியிலேயே மனுக்களைக் கேட்டான்.

மறுநாள் காலையில் ராஜா குட்டியோடு மந்தைக்குப் போனான். சூறை பறந்து பறந்து ஆடுகளை மடக்கி நிறுத்திவிட்டு, ராணி வரும் பாதையைப் பார்த்தது. ராஜாவும் பார்த்தான். பிறகு, "சரி, வா. வேலை கிடக்கு" என்றான்.

அவன் ஆண்ட காலம் முழுக்க செருப்பு இரண்டும் வார் அறுந்தபடியே சிம்மாசனத்தின் கீழ் இருந்தன. நாய் கடித்தது எது என்று கேட்டவர்களுக்கு ராஜா கடைசிவரை சொல்லவே இல்லை.