கோழி பல்லைத் தொலைத்த கதை

அந்தக் காலத்தில், விலங்கும் பறவையும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, கோழிக்குப் பல் இருந்தது. ஒன்றிரண்டல்ல, வாய் நிறைய இருந்தது. ஒரு கம்புமணி கிடைத்தாலும் முப்பது தடவை மென்றுதான் உள்ளே விடும். ‘நொறுங்கத் தின்றால் நூறு வயது’ என்பதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்ட குடும்பம் அது. மென்று மென்று மூளை கூர்மையாகி, ஊரில் எவருக்கு எது மறந்தாலும் அந்தக் குடும்பத்துச் செவலைக் கோழியிடம்தான் வந்து நிற்பார்கள். எருமை தன் கன்று பிறந்த கிழமையைக் கேட்கும். நாய் தான் எலும்பு புதைத்த இடத்தைக் கேட்கும். கோழி மென்றபடியே பதில் சொல்லும். அந்தப் பெருமையில் அதற்குக் கழுத்து எப்போதும் ஒரு சாண் நிமிர்ந்துதான் இருக்கும்.

அந்த வருஷம் அது துவரைச் செடியடியில் ஒன்பது முட்டை இட்டு அடைகாத்தது. நாளுக்கு ஒரு தடவை எழுந்து களத்துக்கு ஓடி, இரை எடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். இது பத்துக் கம்புமணியை மெல்வதற்குள் வாத்து பாதிக் களத்தை வழித்து விழுங்கியிருக்கும். இங்கே பசி தீராது, அங்கே முட்டை ஆறிப்போகும். பெற்ற மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"எல்லாம் அந்தப் பல்லால வர்ற வினை அக்கா," என்றது வாத்து. "கழட்டி வச்சுட்டு என்னைப் போல அப்படியே முழுங்குங்க. குஞ்சு பொரிச்ச பிறகு மாட்டிக்கலாம்."

அந்தக் காலத்துப் பல், கழற்றினால் கழலும். கோழி அத்தனையையும் கழற்றிக் களத்தோரம் மண்ணில் புதைத்தது.

"இடத்தை அடையாளம் வச்சுக்கங்க," என்றது வாத்து.

"யார்கிட்டச் சொல்ற?" என்று சிரித்தது கோழி.

இரண்டு நாள் சுகமாகப் போயின. மூன்றாம் நாள் எருமை வந்து கிழமை கேட்க, "எந்தக் கன்னு?" என்றது கோழி. நான்காம் நாள் களத்தில் எதிரே வந்த சேவலைப் பார்த்து, "நீங்க எந்த ஊருங்க?" என்று மரியாதையாக விசாரித்தது.

சேவலுக்குக் கொண்டை சரிந்துவிட்டது. "நான் உன் புருஷன்டி. அது கெடக்கட்டும், முட்டை எங்கே?"

"எந்த முட்டை?" என்று கேட்ட கையோடு கோழி நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது. எதன்மேலோ போய்ப் படுக்க வேண்டும் என்று உடம்பு சொல்கிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை. சேவலுக்கும் தெரியாது. அது ஒருநாளும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

"பல்லைத் தேடி மாட்டு, தானா ஞாபகம் வரும்," என்றது சேவல்.

புதைத்த இடமும் மறந்துபோயிருக்க, கோழி கண்ட இடத்திலெல்லாம் இரண்டு காலாலும் மண்ணை வாரி இறைத்தது. வெள்ளையாக ஒரு குறுங்கல் அகப்பட, பல்தான் என்று வாயில் வைத்தது. அது ஈறில் நிற்காமல் தொண்டையில் இறங்கிவிட்டது. பதறிப்போய் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. உள்ளே போன கற்கள், முழுசாகக் கிடந்த கம்பை நறநறவென்று அரைத்தன. அரைக்க அரைக்க மூளையில் ஒரு மூலை மட்டும் வெளிச்சமானது.

"துவரைச் செடி, துவரைச் செடி," என்று கத்திக்கொண்டே ஓடியது. முட்டைகளில் கொஞ்சம் சூடு மிச்சம் இருந்தது. மேலே படுத்துக்கொண்டு ஓவென்று அழுதது. ஒன்பதில் எட்டு பொரிந்தன. எருமைக் கன்றின் கிழமை மட்டும் திரும்பி வரவே இல்லை.

அன்று முதல்தான் கோழி போகிற இடமெல்லாம் மண்ணைக் கிளறுகிறது, சின்னக் கல்லைக் கண்டால் விழுங்குகிறது. என்ன தேடுகிறாய் என்று கேட்டுப் பாருங்கள், அதற்கே தெரியாது.